காலியான நாற்காலியும் கடல் கடந்த வாக்கும்



2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை. அன்று காலையில் நம் தேசத்தின் இரண்டு ஓரங்களில் இரண்டு வரிசைகள் நின்றன. ஒன்று, கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கெல்லையில், கேரளத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் விளவங்கோடு தொகுதியில். மற்றொன்று, வங்கக் கடலுக்கு நடுவே, நாம் குடியிருக்கும் இந்த அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில். பாராளுமன்றப் பொதுத் தேர்தலின் முதற் கட்டம் அது. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் இத்தீவுகளின் ஒரே தொகுதியும் அன்று ஒருங்கே வாக்களித்தன.

எனினும் இரு வரிசைகளுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. இங்கே வாக்குச்சாவடிக்குள் நுழைந்தவர் ஓர் இயந்திரத்தில் ஒருமுறை பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்தார். விளவங்கோட்டிலோ ஒவ்வொருவரும் இரு முறை வாக்களித்தனர். ஒன்று பாராளுமன்றத்துக்கு, மற்றொன்று சென்னைச் சட்டசபைக்கு. சட்டசபையில் அத்தொகுதியின் நாற்காலி இரண்டு மாதங்களுக்கு முன்னர்க் காலியாகியிருந்தது. அதில் அமர்ந்திருந்தவர் தாமாகவே எழுந்து போய்விட்டார்.

நம் நண்பர் ஒருவர் விளவங்கோட்டுக்காரர். கொத்தனார். போர்ட் பிளேர் நகரத்தை ஒட்டிய காராச்சர்மாவில் 11 ஆண்டுகளாகக் குடியிருப்பவர். (அந்த நகரம் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. வாய் இன்னும் பழைய பெயரையே சொல்கிறது, நேயர்கள் பொறுத்தருள்க.) தேர்தலுக்குச் சில நாள் முன்னால் அபர்தீன் கடைத்தெருவில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது அவர் நம்மிடம் கேட்டார்: "அண்ணாச்சி, ஊரில் இந்த முறை ஆளுக்கு இரண்டு ஓட்டாம். நான் இங்கே ஒன்றாவது போட முடியுமா?"

முடியாது என்றே சொல்ல வேண்டியிருந்தது. அவர் பெயர் ஊர்ப் பட்டியலிலேயே இருந்தது, இங்கே எழுதப்பெறவில்லை. வேட்பு மனுத் தாக்கலின் இறுதி நாள் கடந்துவிட்டால், அத்தேர்தல் முடியும்வரை பட்டியலில் புதுப் பெயர் சேர்க்கச் சட்டம் இடந்தராது. அந்நாள் மார்ச் 27ஆம் தேதியே கடந்திருந்தது. ஊருக்குப் போகலாமென்றால், சென்னைக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். அங்கிருந்து ரயிலில் மேலும் ஓர் இரவு. திரும்பி வருவதற்கும் அவ்வளவே. ஆகாய விமானமோ அவருடைய பல நாள் கூலியை விழுங்கிவிடும். இரண்டு வாக்குக்கு உரியவராயிருந்த அந்த மனிதர் அன்றைய தினம் ஒன்றுகூட அளிக்காமல், ஒரு வீட்டின் மாடிப்படிக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தார். அவரை முன்னிட்டே இன்றைய பேச்சை அமைத்துக்கொண்டோம்.

விளவங்கோட்டு நாற்காலி காலியான வரலாறு சுருக்கமானது. திருமதி எஸ். விஜயதரணி 2011, 2016, 2021 ஆகிய மூன்று பொதுத் தேர்தல்களிலும் காங்கிரஸ் அபேட்சகராக நின்று அங்கே வெற்றி பெற்றவர். 2024 பிப்ரவரி 24ஆம் தேதி அவர் பாரதிய ஜனதா கட்சியில் சேர்ந்தார். சட்டசபை அங்கத்தினர் பதவியையும் ராஜினாமாச் செய்தார். சபாநாயகர் திரு. அப்பாவு அதனை ஏற்றுக்கொண்டார். மார்ச் 16ஆம் தேதி பொதுத் தேர்தல் அட்டவணையை வெளியிட்டபோதே, தேர்தல் கமிஷன் விளவங்கோட்டு இடைத்தேர்தலையும் அதனுடன் சேர்த்து அறிவித்தது. ஜூன் 4ஆம் தேதி வாக்குகள் எண்ணப்பெற்றன. காங்கிரஸ் அபேட்சகர் திருமதி தாரகை கத்பர்ட் 40,000 வாக்குகளுக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். சென்றவர் கட்சியை மாற்றிக்கொண்டார், தொகுதி மாற்றிக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் செய்தி. எவர் செய்தது சரி என்னும் வழக்கை நாம் இங்கே எடுக்கப்போவதில்லை.

ராஜினாமா என்பது எப்படி நிறைவேறுகிறது என்பதைச் சற்று விளக்கமாகக் கூறலாம். சட்டசபை அங்கத்தினராயின் சபாநாயகருக்கும், மேலவை அங்கத்தினராயின் அதன் தலைவருக்கும், தம் கைப்பட ஒப்பமிட்ட கடிதம் அளிக்க வேண்டும். அரசியல் சட்டம் எழுதப்பெற்ற காலத்தில், கடிதம் கொடுத்தாலே போதும், நாற்காலி காலி. ஆனால் 1974ஆம் ஆண்டில் குஜராத்தில் எழுந்த மாணவர் கிளர்ச்சியின்போது, அங்கத்தினர் பலரைச் சூழ்ந்துகொண்டு நெருக்கி, ராஜினாமாக் கடிதம் வாங்கினர் என்னும் புகார் எழுந்தது. அவ்வாண்டே அரசியல் சட்டத்தின் 33ஆவது திருத்தம் வந்தது. அதன் பிறகு, கடிதம் மனமுவந்து அளிக்கப்பெற்றதா, மெய்யானதா என்று சபாநாயகர் விசாரித்துத் திருப்தியடைந்து, ஏற்றுக்கொண்டால்தான் ராஜினாமா செல்லும். மக்கள் கொடுத்த இடத்தைக் கும்பலின் கூச்சலுக்கு அஞ்சி விட்டுவிடலாகாது என்பதே அத்திருத்தத்தின் கருத்து.

இடம் காலியானால் எத்தனை நாள் காலியாகவே கிடக்கலாம்? முன்பெல்லாம் இதற்கு வரம்பு கிடையாது. ஓராண்டு, அதற்கு மேலும் பிரதிநிதி இல்லாமல் தவித்த தொகுதிகள் உண்டு. 1996இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தனர். காலியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடந்தாக வேண்டும். எஞ்சிய காலம் ஓராண்டுக்கும் குறைவாயிருந்தாலோ, தேர்தல் நடத்துவது கடினம் என்று தேர்தல் கமிஷன் மத்திய சர்க்காருடன் கலந்து சான்று கூறினாலோ மட்டும் விலக்கு. புதிதாக வருபவர் முழுத் தவணை இருப்பதில்லை. முன்னவர் விட்ட மிச்சத்தைத்தான் நிரப்புகிறார்.

ராஜினாமாவினால் வரும் இடைத்தேர்தலை நம் முன்னோர் உபதேர்தல் என்றே வழங்கினர். பெயர்தான் உபதேர்தலே தவிர, நிகழ்ச்சி சிறியதன்று. ஓர் அங்கத்தினர் மரணமடைந்தால் மக்கள் துக்கத்தோடு வாக்களிக்கின்றனர். அவர் தாமே விலகினால் ஏன் என்று கேட்டுக்கொண்டு வாக்களிக்கின்றனர். விலகுவதற்கும் பல காரணங்கள். திரு. எச். வசந்தகுமார் நாங்குநேரிச் சட்டசபை அங்கத்தினராயிருந்துகொண்டே 2019இல் கன்னியாகுமரியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். இரண்டு சபைகளில் ஒருவர் இருக்க முடியாது. எனவே நாங்குநேரியை விட்டார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் தேதி அங்கே இடைத்தேர்தல் நடந்தது. இதில் குறை கூற ஒன்றுமில்லை, வாக்காளருக்கு அலைச்சல் என்பதைத் தவிர.

மற்றொரு வகை இருக்கிறது. தலைவர் ஒருவர் சட்டசபைக்குள் வர வேண்டியிருக்கும்; அவருக்காக ஓர் அங்கத்தினர் எழுந்து இடம் விடுவார். 2002இல் ஆண்டிபட்டியிலும், 2015இல் சென்னை இராதாகிருஷ்ணன் நகரிலும் செல்வி ஜெயலலிதாவுக்காக அங்கத்தினர்கள் விலகினர்; இரு இடத்திலும் அவர் வென்றார். சட்டம் இதை அனுமதிக்கிறது. வேறு மாநிலங்களிலும் வேறு கட்சிகளிலும் இது நடந்ததுண்டு. ஆயினும் ரயில் பெட்டியில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்து, உரியவர் வந்ததும் துண்டை எடுத்துக்கொள்வது நம் நினைவுக்கு வராமற் போவதில்லை. கடைசிச் சொல் வாக்காளருடையதாகவே இருப்பதால், அவ்வளவில் மனம் ஆறுகிறது.

இவற்றுக்கெல்லாம் மூத்த உதாரணம் ஒன்று நமக்கு மிகவும் விருப்பமானது. 1954 ஏப்ரலில் திரு. காமராசர் சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சரானபோது அவர் சட்டசபை அங்கத்தினர் அல்லர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பாராளுமன்றத்துக்குச் சென்றவர். ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்தின் ஏதாவதொரு சபையில் இடம் பெற வேண்டும். மேலவைக்குப் போவது எளிய வழி. அவரோ குடியாத்தத்துக்குப் போய், இடைத்தேர்தலில் நின்று, மக்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அறிஞர் அண்ணா வேறு வழியை மேற்கொண்டார். 1967 பொதுத் தேர்தலில் அவர் தென்சென்னையிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். சட்டசபைக்கு அவர் போட்டியிடவே இல்லை. அவர் கட்சி சென்னையில் ஆட்சியைப் பிடித்தது. மார்ச் 6ஆம் தேதி முதலமைச்சராகப் பதவி ஏற்றார். பின்னர் மேலவை அங்கத்தினரானார். தென்சென்னை இடத்தை விட்டார். அவ்வாண்டிலேயே அங்கே இடைத்தேர்தல் வந்தது, திரு. முரசொலி மாறன் வெற்றி பெற்று முதன்முதலாகப் பாராளுமன்றம் சென்றார். பின்னாளில் மத்திய மந்திரியாக விளங்கிய ஒருவரின் பொதுவாழ்வு, இன்னொருவர் விட்ட நாற்காலியில் தொடங்கியது. மயிலாப்பூரிலும் சைதாப்பேட்டையிலும் இருந்த நம் உறவினர் ஒரே ஆண்டில் இரண்டு முறை பாராளுமன்றத்துக்கு வாக்களித்தனர்.

அதே 1967இல், அன்பர்களே, இத்தீவுகளில் என்ன நடந்தது தெரியுமா? இங்கே வாழ்ந்த மக்கள் தம் வாழ்நாளிலேயே முதன்முறையாகப் பாராளுமன்றத்துக்கு வாக்களித்தனர்.

குடியரசு பிறந்து 17 ஆண்டுகள்வரை அந்தமான் நிக்கோபாருக்கு வாக்குப் பெட்டி வரவில்லை. பாராளுமன்றத்தில் இத்தீவுகளுக்கென ஓர் இடம் இருந்தது. அதை நிரப்பியவர் குடியரசுத் தலைவர். 1952இல் கார் நிக்கோபார்த் தீவினரான பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் நியமிக்கப்பெற்றார், 1957இல் திரு. லட்சுமண் சிங், 1962இல் திரு. நிரஞ்சன் லால். இவர்கள் தகுதியுடையவர்களே. ஆனால் நியமனம் பெற்றவர் விலகினால் அதைப் பற்றி மக்களிடம் கேட்க ஏதுமில்லை. மற்றொருவரை நியமித்தால் தீர்ந்தது. 1965இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று, யூனியன் பிரதேசங்களுக்கு நேரடித் தேர்தல் உரிமையைக் கொண்டுவந்தது. அதன்படி 1967இல் திரு. கே. ஆர். கணேஷ் மக்களால் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பிறகு எட்டு முறை வென்ற திரு. மனோரஞ்சன் பக்தா, திரு. விஷ்ணு பத ராய், திரு. குல்தீப் ராய் சர்மா ஆகியோர் வந்தனர்.

அந்த 1967 முதல் 2024வரை இந்த ஒற்றை இடத்துக்கு இடைத்தேர்தல் நடந்ததே இல்லை. சட்டசபையும் இங்கே கிடையாது. ஆகவே முதலமைச்சராகப் போவதற்காக எவரும் பாராளுமன்ற இடத்தை விடும் நிலை எழாது. பஞ்சாயத்திலும் நகராட்சி வட்டத்திலும் காலியிடங்கள் உண்டாவதுண்டு. அவற்றின் ஆரவாரம் இரண்டு தெருவோடு அடங்கிவிடும். எனவே இடைத்தேர்தல் என்பதை நாம் அறிவது பெரும்பாலும் தாயகச் செய்தியாகவே. விளவங்கோட்டில் யார் நிற்கிறார், எந்த ஊர்ச் சாவடியில் கூட்டம் என்பதெல்லாம் ஹேடோவிலும் டெலானிப்பூரிலும் நமக்கு மனப்பாடம். காராச்சர்மாவின் குடிநீருக்காக டில்லியில் பேச வேண்டியவர் யார் என்று கேட்டால் சிறிது யோசிக்கிறோம். இது நம்மையும் சேர்த்துச் சொல்வது.

2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இத்தீவுகளின் மக்கள் தொகை 3,80,581. அவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளிகளுக்கும் இந்தி பேசுவோருக்கும் அடுத்த தொகை நம்முடையது. 2019 பொதுத் தேர்தலில் இங்கே வெற்றி தோல்வியைத் தீர்மானித்த வித்தியாசம் 1,407 வாக்குகள். நம் கொத்தனார் நண்பரைப் போல் ஊர்ப் பட்டியலில் பெயரை வைத்துவிட்டு இங்கே செங்கல் அடுக்குவோரைக் கூட்டி ஓரிடத்தில் நிறுத்தினால், அந்தத் தொகையைக் காட்டிலும் குறைவாயிருப்பர் என்று நமக்குத் தோன்றவில்லை.

பெயரை அங்கேயே வைத்திருப்பதற்கு அவர் சொன்ன காரணம், "அங்கே நமக்கு வீடு இருக்கிறதே" என்பது. இப்படி எண்ணுபவர் பம்பாயிலும் பெங்களூரிலும் உண்டு என்பதை நேயர்கள் அறிவார்கள். ஆனால் 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதே வாதத்தை எதிர்பார்த்து விடை எழுதி வைத்திருக்கிறது. ஒரு தொகுதியில் வீடு சொந்தமாயிருக்கிறது, அல்லது வசத்தில் இருக்கிறது என்னும் அந்த ஒரே காரணத்தால் மட்டும் ஒருவர் அங்கே சாதாரணமாகக் குடியிருப்பவர் ஆகிவிடமாட்டார். அடுத்த வரியிலேயே அச்சட்டம் மறுபக்கத்தையும் காத்திருக்கிறது. தற்காலிகமாக வெளியே சென்றிருப்பதனால் மட்டும் ஒருவர் அங்கே குடியிருப்பவர் அல்லாமற் போகவும் மாட்டார். மூன்று மாத வேலைக்கு வந்து திரும்புபவர் பெயரை ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம். பதினோர் ஆண்டாக இங்கே அடுப்பு மூட்டுகிறவரின் இடம் இங்கேதான். இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்வது கூடவே கூடாது. பொய்யென அறிந்தே எழுத்து மூலம் உறுதி கூறினால் ஓராண்டுவரை சிறைத் தண்டனையும் உண்டு.

மாற்றிக்கொள்வது கடினமான காரியமன்று. குடியிருப்பை மாற்றியவர் 8ஆம் எண் படிவத்தில் புதிய முகவரியை எழுதித் தர வேண்டும். பழைய தொகுதியில் இருந்த பெயரை நீக்குவது தேர்தல் அலுவலர் பொறுப்பு. முதன்முறையாகச் சேர்பவருக்கு 6ஆம் எண் படிவம். முன்னே 18 வயது கணக்கிட ஜனவரி முதல் தேதி ஒன்றே இருந்தது. இப்போது ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் சேர்ந்திருக்கின்றன. ராணுவத்திலும் கப்பற்படையிலும் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கு வேறு ஏற்பாடு. அவர்கள் சொந்த ஊர் வாக்கைத் தபால் மூலம் அளிக்கலாம்.

இதைச் சொல்லும்போதெல்லாம் கச்சால் தீவின் நினைவு வருகிறது. நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தில் உள்ள அந்தத் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு 1970களில் இலங்கை மலையகத் தமிழர் சில குடும்பத்தார் குடியேற்றப்பெற்றனர். 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் விளைவு அது. தேயிலைக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்த அச்சமூகத்தார், 1947 தேர்தலில் இலங்கைப் பாராளுமன்றத்துக்கு ஏழு பிரதிநிதிகளை அனுப்பியவர்கள். மறு ஆண்டிலேயே வந்த பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் அவர்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. ஆண்டுக்கணக்கில் அவர்களுக்குப் பொதுத் தேர்தலும் இல்லை, இடைத்தேர்தலும் இல்லை. கச்சாலுக்கு வந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் வீடு கிடையாது. ஊர் என்று சுட்டிக்காட்ட ஒரு தெருவும் பலருக்கு இல்லை. வாக்கு கிடைத்த இடம் இந்தத் தீவுதான். 2004 டிசம்பர் ஆழிப் பேரலை கச்சாலைச் சின்னாபின்னமாக்கியது.

2024 ஏப்ரல் 19ஆம் தேதி இன்னொரு சிறு நிகழ்ச்சியும் உண்டு. பெரிய நிக்கோபார்த் தீவின் காட்டுக்குள் வாழும் ஷொம்பென் மக்களில் ஏழு பேர், தம் இனத்தாரின் வரலாற்றில் முதன்முறையாக, பாராளுமன்றத்துக்கு வாக்களித்தனர். அச்செய்தியை நாம் நம் கொத்தனார் நண்பருக்கு வாசித்துக் காட்டினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

2025 அக்டோபர் இறுதியில் தேர்தல் கமிஷன், வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை அறிவித்தது. பன்னிரண்டு மாநிலங்களும் பிரதேசங்களும் அதில் அடங்கின. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. அந்தமான் நிக்கோபாரும் ஒன்று. நவம்பர் 4ஆம் தேதி முதல் இரு கரையிலும் வாக்குச்சாவடி அலுவலர்கள் ஒரே காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினர். விளவங்கோட்டு வீட்டுக்கு நண்பர் பெயரில் அச்சிட்ட தாள் வந்தது. அவருடைய தாயார் தொலைபேசியில் அழைத்து, கையெழுத்திட்டுக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டார். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டார் இவர்.

அன்று மாலை நம் வீட்டுக்கு வந்து, இங்கேயே பெயரை எழுத என்ன வேண்டும் என்று விசாரித்தார். படிவத்தை நாமே நிரப்பினோம். முகவரி எழுதும் இடத்தில் காராச்சர்மாவில் அவர் குடியிருக்கும் வீட்டெண்ணை அவர் சொல்ல, நாம் எழுதினோம். சரிதானா என்று இரண்டு முறை படிக்கச் சொன்னார். ஒப்பமும் இட்டார். ஒரு காரியத்துக்கு மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. அங்கே வந்திருக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம், பெயர் இனி இந்தப் பக்கம் இருக்கட்டும் என்று தாயாரிடம் சொல்வதை நம்மிடம் விட்டுவிட்டு, எண்ணை அழுத்திக் கைபேசியை நம் கையில் கொடுத்தார்.